ஹாட் வீல்ஸ் காரை மாடல் ரயில் பக்கத்தில் நிறுத்தலாமா? டைகாஸ்ட் சேகரிப்பில் ஸ்கேல் முதல் உப்புக்காற்று வரை

காலாப்பட்டு வழியாக சென்னை பஸ் போகும், புதுச்சேரி டவுன் பஸ் போகும், இ.சி.ஆரில் கார்கள் விடாமல் போய்க்கொண்டே இருக்கும். ரயில் மட்டும் போகாது. சென்னை - மாமல்லபுரம் - புதுச்சேரி - கடலூர் கடலோர ரயில் பாதை பல வருஷமாகப் பேச்சில் இருக்கிறதே தவிர, தண்டவாளம் இன்னும் வரவில்லை.

ஆனால் வீட்டு மேஜை மேல் ரயில் விட யாருடைய அனுமதியும் வேண்டாம். ஒரு பலகை, கொஞ்சம் தண்டவாளம், ஒரு சின்ன இன்ஜின், ஓரத்தில் ஒரு ரயில்வே கேட், அதன் முன்னால் வரிசை கட்டி நிற்கும் குட்டிக் கார்கள். இதைத்தான் 'மாடல் ரயில் லேஅவுட்' என்கிறார்கள். அந்தக் கேட்டில் நிறுத்துவதற்காகவே உலோகக் குட்டி வண்டிகளைத் தேடித் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குகிறவர்களின் பணம் பெரும்பாலும் மூன்று இடங்களில் வீணாகிறது: ஸ்கேல் தெரியாமல் வாங்குவது, சுங்க வரி தெரியாமல் வெளிநாட்டில் ஆர்டர் போடுவது, கடலோர வீட்டில் பொம்மைகளைத் தப்பாக வைப்பது. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டைகாஸ்ட் என்றால் என்ன?

எஃகில் செதுக்கிய அச்சுக்குள் உருக்கிய உலோகத்தை அதிக அழுத்தத்தில் செலுத்தி வார்ப்பதுதான் டைகாஸ்ட். பொம்மைகளுக்குப் பயன்படும் உலோகத்தின் பெயர் ஜமாக். இதில் பெரும்பகுதி துத்தநாகம், சுமார் 4 சதவீதம் அலுமினியம், கூடவே கொஞ்சம் மெக்னீசியமும் செம்பும் இருக்கும். இந்த நான்கு உலோகங்களின் ஜெர்மன் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர்தான் ஜமாக். சுமார் 400 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால் நுணுக்கமான வடிவங்களை வேகமாக வார்க்க முடிகிறது.

இதில் செலவு உலோகத்துக்கு இல்லை, அச்சுக்குத்தான். ஒரு அச்சு செய்தால் அதிலிருந்து லட்சக்கணக்கில் விற்க வேண்டும். அதனால்தான் உலகம் முழுக்கத் தெரிந்த ஃபெராரிக்கும் முஸ்டாங்குக்கும் நூறு மாடல்கள் கிடைக்கும்போது, நம்ம ஊர் அம்பாசிடருக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

குட்டிக் கார் பிறந்ததே ரயிலுக்காகத்தான்!

இன்றைக்கு டைகாஸ்ட் கார் தனிப் பொம்மை. தொடக்கத்தில் அப்படி இல்லை. இங்கிலாந்தின் லிவர்பூலில் மெக்கானோ நிறுவனத்தை நடத்திய ஃபிராங்க் ஹார்ன்பி 1920-ல் பொம்மை ரயில்களை விற்கத் தொடங்கினார். ரயில் நிலையம் வெறுமையாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காதே? 1930களின் தொடக்கத்தில் நிலைய ஊழியர்கள், பயணிகள் போன்ற உருவங்களை 'மாடல்டு மினியேச்சர்ஸ்' என்ற பெயரில் அந்த நிறுவனம் கொண்டுவந்தது. 1933-ல் அந்த வரிசையில் வண்டிகளும் சேர்ந்தன. 1934-ல் அதற்குக் கிடைத்த புதுப் பெயர்தான் உலகம் முழுக்கப் பிரபலமான டிங்கி டாய்ஸ்.

1:43 என்ற விசித்திரமான அளவு எங்கிருந்து வந்தது என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. ஹார்ன்பியின் 'ஓ' கேஜ் ரயில்களுக்கு ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று கணக்கு. அதைப் போட்டுப் பார்த்தால் 1:43.5 வரும். இன்று அலமாரியில் அடுக்கும் 1:43 கார்கள் எல்லாம் அந்த ரயில் கணக்கின் வாரிசுகள்தான்.

பிரான்சிலும் இதே கதை. புதுச்சேரிக்காரர்களுக்கு இது இன்னும் சுவாரஸ்யமாக இருக்கும். மேஜோரெட் நிறுவனத்தை எமில் வெரோன் 1961-ல் தொடங்கியபோது அதன் பெயர் 'ரெயில்-ரூட்'. ரயிலும் சாலையும் என்று அர்த்தம். குட்டிக் கார்களுக்கு மாறிய பிறகுதான் மேஜோரெட் என்ற பெயர் வந்தது. அவருடைய குடும்பத்தின் இன்னொரு நிறுவனம் நோரெவ். வெரோன் என்பதை பிரெஞ்சில் எழுதித் திருப்பிப் படித்தால் நோரெவ்!

இந்தியாவில் இது இருந்ததா?

இருந்தது. 1960களின் இறுதியில் டிங்கியின் பழைய அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்து, அங்கே 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்கள் வார்க்கப்பட்டன. அதே ஊரில் மில்டன், மேக்ஸ்வெல் என்ற பெயர்களிலும் குட்டி வண்டிகள் வந்தன. 1980களின் இறுதியில் 'லியோ மேட்டல்' என்ற பெயரில் ஹாட் வீல்ஸ் இங்கேயே தயாரானது. வீட்டுப் பரணில் பழைய பொம்மைப் பெட்டி இருந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் காரைக் கவிழ்த்து அடிப்பாகத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

ரயில் லேஅவுட்டைப் பொறுத்தவரை, பொதுமக்கள் நேரில் பார்க்கக்கூடிய நல்ல உதாரணம் புனேயில் இருக்கிறது. பாவ் ஜோஷி என்பவர் வாழ்நாள் முழுக்க உருவாக்கிய 'ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம்' 1998 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டது. ரயில்களோடு சாலை, மேம்பாலம், சர்க்கஸ் கூடாரம் என்று ஒரு முழு ஊரே அங்கே இருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2001-ல் திறக்கப்பட்ட 'மினியேச்சர் வுண்டர்லேண்ட்' இதைவிடப் பல மடங்கு பெரியது. அங்கே கார்களும் தானாக ஓடும். சாலைக்கு அடியில் புதைத்த இரும்புக் கம்பியை, காரின் முன்சக்கரத்தோடு இணைந்த சின்னக் காந்தம் தேடிக்கொண்டே போகும். மேட்டர் அவ்வளவுதான்.

ஸ்கேல்: முதல் பாடமும் முக்கியப் பாடமும்

1:87 என்றால் நிஜ வண்டி 87 சென்டிமீட்டர் நீளம் இருக்கும் இடத்தில் மாடல் 1 சென்டிமீட்டர் இருக்கும். இதுதான் ஹெச்.ஓ. ஸ்கேல். உலகில் அதிகம் பேர் ரயில் ஓட்டுவது இதில்தான். பிரிட்டனில் மட்டும் 1:76, அதாவது டபுள் ஓ. இரண்டுக்கும் தண்டவாளம் ஒன்றே, 16.5 மில்லிமீட்டர். இடம் குறைவாக இருப்பவர்களுக்கு 'என்' ஸ்கேல், 1:160.

4.3 மீட்டர் நீளமுள்ள ஓர் அம்பாசிடரை எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் 170 சென்டிமீட்டர் உயரமுள்ள டிரைவர் நிற்கிறார். ஒவ்வொரு ஸ்கேலிலும் அவர்கள் எவ்வளவு இருப்பார்கள்?

- 1:160 (என்): கார் 2.7 செ.மீ., டிரைவர் 1.1 செ.மீ.
- 1:87 (ஹெச்.ஓ.): கார் 5 செ.மீ., டிரைவர் 2 செ.மீ.
- 1:76 (டபுள் ஓ): கார் 5.7 செ.மீ., டிரைவர் 2.2 செ.மீ.
- 1:64: கார் 6.7 செ.மீ., டிரைவர் 2.7 செ.மீ.
- 1:43 (ஓ): கார் 10 செ.மீ., டிரைவர் 4 செ.மீ.

இப்போது தலைப்பில் இருக்கும் கேள்விக்கு வருவோம். ஹாட் வீல்ஸ் கார்கள் சுமார் 7 சென்டிமீட்டர். பொதுவாக 1:64 என்று சொல்வார்கள். ஆனால் உண்மையில் லாரியையும் ரேஸ் காரையும் ஒரே அளவு அட்டைக்குள் அடக்குவதற்காக ஒவ்வொன்றையும் வெவ்வேறு விகிதத்தில் சுருக்கியிருப்பார்கள். அந்த 7 செ.மீ. காரை ஹெச்.ஓ. ரயில் பக்கத்தில் வைத்தால், அது 6 மீட்டர் நீளமுள்ள ராட்சசக் கார் ஆகிவிடும். 'என்' ஸ்கேல் ரயில் பக்கத்தில் வைத்தால் 11 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு பஸ்! கண்ணுக்கு ஏதோ உறுத்துகிறது என்று தோன்றும், காரணம் புரியாது. காரணம் இதுதான்.

அப்போ ஹாட் வீல்ஸே கூடாதா? அப்படி இல்லை. அடிப்பாகத்தையோ அட்டையையோ நம்பாமல் ஒரு ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். நிஜ வண்டியின் நீளத்தை மாடலின் நீளத்தால் வகுத்தால் உண்மையான விகிதம் வந்துவிடும். பெரிய வண்டிகளைச் சுருக்கிச் செய்த சில மாடல்கள் ஹெச்.ஓ.வுக்கு நெருக்கமாகவே வரும். பஸ், லாரி, ஜே.சி.பி. மாதிரியானவற்றில் இந்த வாய்ப்பு அதிகம். 200 ரூபாய்க்கு உள்ளேயே கிடைக்கும் பொம்மையில் இப்படி ஒன்று மாட்டினால் லாபம்தான்.

எந்த ஸ்கேலில் எது கிடைக்கும்?

1:87 அளவில் ஹெர்பா, விக்கிங், புஷ், பிரெகினா போன்ற ஜெர்மன் நிறுவனங்களின் வண்டிகள் துல்லியமாக இருக்கும். ஆனால் இவை பெரும்பாலும் பிளாஸ்டிக். இன்னொரு சிக்கல், ஐரோப்பிய வண்டிகளில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். நம் சாலைக்கு அது சரிப்படாது. கண்ணாடிக்குப் பின்னால் டிரைவர் பொம்மையை வலப்பக்கம் உட்கார வைத்து சமாளிக்கலாம்.

1:76 அளவில் ஆக்ஸ்ஃபோர்டு டைகாஸ்ட் போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்களின் வண்டிகள் உலோகத்தில் கிடைக்கின்றன, ஸ்டியரிங்கும் வலப்பக்கம். மாரிஸ் மைனர், லேண்ட் ரோவர், பெட்ஃபோர்ட் என்று அந்தக் கால இந்திய சாலைகளில் ஓடிய வண்டிகளே இதில் இருக்கின்றன. ஹெச்.ஓ. ரயிலோடு வைத்தால் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், ஆனால் வித்தியாசம் சுமார் 15 சதவீதம்தான். மேஜையின் முன் ஓரத்தில் வைத்தால் யாருக்கும் தெரியாது.

1:43 அளவில் பழைய டிங்கி தேடுபவர்களுக்கு ஒரு தகவல். 1940களின் இறுதியிலும் 50களிலும் வந்த டிங்கி வரிசையில் ஆஸ்டின் டெவன், ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் இரண்டும் உண்டு. அந்த ஆஸ்டின் ஏ40 கார்களை எண்ணூரில் அசெம்பிள் செய்த அசோக் மோட்டார்ஸ்தான் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. வேன்கார்ட் கார்களையும் மெட்ராஸில் அசெம்பிள் செய்தார்கள். ஆக, லிவர்பூலில் வார்த்த பொம்மையாக இருந்தாலும் அது நம்ம ஊர்க் காரும்தான்.

அம்பாசிடர், ஆட்டோ, அரசு பஸ் வேண்டும் என்றால் சென்டி போன்ற இந்திய நிறுவனங்களின் பிளாஸ்டிக் பொம்மைகள் சுலபமாகக் கிடைக்கும். விலையும் குறைவு. ஆனால் இவை ரயில் ஸ்கேலைவிட ரொம்பப் பெரியவை. அலமாரிக்கு ஓகே, ஹெச்.ஓ. லேஅவுட்டுக்கு ஆகாது.

நம்ம ஊர் ரயில் கணக்கு

இந்திய அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1,676 மி.மீ. இடைவெளி. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. ஆனால் கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளம் 16.5 மி.மீ. இது ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்கான அளவு. பெரும்பாலானோர் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை.

விழுப்புரம் - புதுச்சேரி பாதை 1879-ல் திறக்கப்பட்டபோது மீட்டர் கேஜ். அந்தக் காலப் புதுச்சேரியைக் காட்ட நினைத்தால் கணக்கு 11.5 மி.மீ. வரும். கடையில் 12 மி.மீ. தண்டவாளம் கிடைக்கும். இது கிட்டத்தட்ட கச்சிதமாகப் பொருந்துகிறது.

பெட்டியின் நீளத்தையும் பாருங்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று சுமார் 21.3 மீட்டர். ஹெச்.ஓ.வில் அது 24.5 செ.மீ. நான்கு பெட்டியும் இன்ஜினும் சேர்ந்தால் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். வீட்டில் இடம் இல்லை என்றால் ரயில் ஓடும் வட்டப் பாதையை மறந்துவிட்டு, 4 அடி நீளம் 1 அடி அகலப் பலகையில் ஒரே ஒரு காட்சியை மட்டும் செய்யலாம்.

எந்தக் காட்சி? புதுச்சேரிக்காரர்கள் ரொம்ப யோசிக்க வேண்டாம், கடலூர் சாலை ஏ.எஃப்.டி. ரயில்வே கேட் போதும். கேட் மூடியிருக்கிறது. ஒரு பி.ஆர்.டி.சி. பஸ், இரண்டு ஆட்டோ, ஒரு அம்பாசிடர், நடுவில் புகுந்து முன்னால் வர முயலும் பைக்குகள். கார்கள் நிற்கும் காட்சிக்கு இன்னொரு வசதி உண்டு. ஓடாத பொம்மைக் கார்கள் ஏன் ஓடவில்லை என்று பார்ப்பவர் கேட்க மாட்டார்கள்!

தூரத்தைக் காட்டவும் ஸ்கேல் உதவும். முன் ஓரத்தில் 1:76, ரயிலுக்குப் பக்கத்தில் 1:87, பின்னால் மலையடிவாரச் சாலையில் 1:160 என்று வைத்தால், ஒன்றரை அடி ஆழமுள்ள பலகை ஒரு கிலோமீட்டர் போலத் தெரியும். ஒரே சாலையில் இரண்டு ஸ்கேலைக் கலக்காமல் இருந்தால் போதும்.

வெளிநாட்டில் ஆர்டர் போடும் முன்...

பொம்மைகளுக்கான அடிப்படை சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. 'நான் வாங்குவது பொம்மை இல்லை, ஸ்கேல் மாடல்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சுங்கப் பட்டியலில் இரண்டும் ஒரே தலைப்பில்தான் வருகின்றன. அனுப்பும் செலவோடு 2,000 ரூபாய் மதிப்புள்ள பார்சலுக்கு 70 சதவீத வரி மட்டும் 1,400 ரூபாய். இதற்கு மேல் மற்ற வரிகளும் கூரியர் கட்டணமும் சேரும். ஆர்டர் போடும் நாளில் நடப்பில் உள்ள விகிதத்தைப் பார்த்துவிட்டு, மொத்தச் செலவைக் கணக்கிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதைக் கவனியுங்கள். லேஅவுட்டில் இருக்கும் 2 செ.மீ. மனிதர்கள், கழன்று வரும் டயர்கள் எல்லாம் மூச்சுக்குழாயில் சிக்கக்கூடிய அளவு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எட்டும் உயரத்தில் லேஅவுட் இருக்கவே கூடாது. பழைய பொம்மைகளின் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் அவற்றை விளையாடக் கொடுக்காதீர்கள்.

சமூக ஊடகத்தில் 'அரிய மாடல்' என்று பத்து மடங்கு விலை சொல்பவரிடம் அவசரப்பட்டு முன்பணம் அனுப்ப வேண்டாம். அடிப்பாகத்தின் படத்தைக் கேளுங்கள். பெயர், எண், தயாரான நாடு ஆகியவை தெளிவாக வார்க்கப்பட்டிருக்கிறதா, ரிவெட் துளையிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். துளை இருந்தால் யாரோ பிரித்து மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கடலோர வீட்டின் தனிப் பிரச்சினை

காலாப்பட்டு மாதிரி கடலை ஒட்டிய ஊரில் டைகாஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எதிரி உண்டு, உப்புக்காற்று. பெயின்ட் அடித்த உடலுக்கு உடனே ஒன்றும் ஆகாது. முதலில் துருப்பிடிப்பது சக்கரத்தை இணைக்கும் மெல்லிய இரும்புக் கம்பி. அடுத்து, பெயின்ட் இல்லாத அடிப்பாகத்தில் வெள்ளைப் பொடி பூக்கும்.

இது வேறு, 'ஜிங்க் பெஸ்ட்' வேறு. ஜிங்க் பெஸ்ட் என்பது வார்க்கும்போதே துத்தநாகத்தில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்ததால் உள்ளுக்குள் வரும் நோய். உலோகம் உப்பி, விரிசல் விட்டு, கடைசியில் கையோடு நொறுங்கிவிடும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகள் பல இப்படித்தான் அழிந்தன. இதற்கு மருந்து கிடையாது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேகமாகப் பரவும், நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சம் இல்லை. விலை உயர்ந்த பழைய மாடல் வாங்கும் முன் கதவு ஓரம், கூரைத் தூண்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை:

- கடல் பக்க ஜன்னலுக்கு எதிரே லேஅவுட் வேண்டாம். வெயிலில் பெயின்ட்டும் வெளுக்கும்.
- மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிகா ஜெல் பைகள் வைத்து அடிக்கடி மாற்றுங்கள். குறைந்த விலை ஈரப்பத மீட்டர் ஒன்று இருந்தால் நல்லது. 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி.
- பாச்சா உருண்டை வைக்காதீர்கள். அதன் ஆவி சிலவகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.
- புதிய பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளிலிருந்து வரும் அமில ஆவி உலோகத்தை அரிக்கும். பலகைக்கு நன்றாக பெயின்ட் அடித்து, வாடை போன பிறகே வண்டிகளை வையுங்கள்.
- மென்மையான டயர்கள் பிளாஸ்டிக் மேல் மாதக்கணக்கில் நின்றால் ஒட்டிக்கொண்டு உருகும். அடியில் ஒரு காகிதம் போட்டு, அவ்வப்போது இடம் மாற்றுங்கள்.
- மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் உடனே உலர வைத்துவிடுங்கள்.

எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில் ரயில் ஸ்கேலை முடிவு செய்யுங்கள், கார் அதற்குப் பிறகு. அடுத்து ஒரு காலத்தையும் ஓர் இடத்தையும் தேர்ந்தெடுங்கள். '1985, புதுச்சேரி' என்று முடிவு செய்துவிட்டால், லம்போர்கினி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கத் தோன்றாது. பர்ஸுக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை. பத்து வண்டி சரியான அளவில் இருந்தாலே ஒரு ரயில்வே கேட் நிறைந்துவிடும்.

கிடைக்காத வண்டியை என்ன செய்வது? நிஜ வண்டியை அளந்து, அட்டையிலோ 3டி பிரிண்டிலோ நீங்களே செய்யலாம். அதற்குத் தேவை படங்களும் அளவுகளும். அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது. இன்று ஸ்டாண்டில் நிற்கும் ஷேர் ஆட்டோவும், டவுன் பஸ்ஸின் பெயின்ட்டும், அதன் ஊர்ப் பெயர்ப் பலகையும் இன்னும் பத்து வருஷத்தில் இப்படியே இருக்கப் போவதில்லை. இவற்றுக்காக எந்த வெளிநாட்டு நிறுவனமும் அச்சு செதுக்கப் போவதும் இல்லை. அடுத்த முறை பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கும்போது முன், பின், பக்கவாட்டு என்று நான்கு படம் எடுத்து வையுங்கள். பிற்பாடு அந்த வண்டியை யாராவது செய்ய நினைத்தால், கையில் அந்தப் படங்களாவது இருக்கும்.